ஹிக்காயாட்: வரலாறா, புராணமா?

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங் பக்கத்துத் தோட்டங்களில் செம்பனை வரிசைக்கு மேலே தலை நீட்டிக்கொண்டு நிற்பது குனோங் ஜெராய் மலை, 1,217 மீட்டர். ஒரு காலத்தில் இது கடல் நடுவே கிடந்த புலாவ் செராய் என்னும் தீவு என்கிறது 'ஹிக்காயாட் மேரோங் மகாவங்சா'. கெடாவின் பழைய அரசர்களைப் பற்றிய மலாய் நூல் இது. தமிழில் இதைப் பற்றி எழுத உட்கார்ந்தால் 'ஹிக்காயாட்' என்ற முதல் சொல்லிலேயே இடறும். 'வரலாறு' என்பார் ஒருவர், 'புராணம்' என்பார் இன்னொருவர்.

'ஹிக்காயாட்' என்ற சொல் அரபு 'ஹிக்காயா'விலிருந்து வந்தது; சொல்லப்படும் கதை என்று பொருள். அரபியில் பல இடங்களில் ஒலிக்காமல் போகும் ஈற்றுத் தகரம் மலாயில் நிலைத்துவிட்டது. மக்களைக் குறிக்கும் 'ராக்யாட்' என்பதும் இப்படித்தான். எழுதும்போது கடைசியில் 'ட்' போடுங்கள். சுங்கை சிப்புட் என்ற ஊர்ப் பெயரை யாரும் 'சிப்புத்' என்று எழுதுவதில்லை.

மலாயில் ஹிக்காயாட் என்றால் உரைநடைக் கதை. செய்யுளாக இருந்தால் அது 'ஷாயிர்'. இந்த வேறுபாட்டைத் தமிழுக்குக் கொண்டுவரும்போதுதான் சுவை. தொல்காப்பியச் செய்யுளியல் 'தொன்மை' என்னும் வனப்பை, அதாவது இலக்கிய வகையை, "உரையொடு புணர்ந்த பழமை மேற்றே" என்கிறது. உரை கலந்து சொல்லப்படும் பழங்கதை! ஹிக்காயாட்டுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது. ஆனால் இன்றைக்குத் தொன்மை என்றால் பழமை மட்டுமே. 'தொன்மம்' என்றால் தெய்வக் கதைப் பக்கம் போய்விடுகிறது. அதனால் 'பழமரபுக் கதை' என்பதே சரியான சொல்.

வரலாறு ஏன் ஆகாது? கெடா மரபு, பிரா ஓங் மகாவங்சா என்ற அரசர் இஸ்லாத்தைத் தழுவி சுல்தான் முசாபர் ஷா ஆன ஆண்டை 1136 என்று சொல்லும். நமக்குக் கிடைத்துள்ள ஹிக்காயாட் படிகளோ பல நூற்றாண்டு பிந்தியவை. கப்பல்களைக் கருடன் வந்து தாக்குவதும் இதே நூலில்தான். புராணம் என்றாலோ வாசகர் சிவனையும் திருமாலையும் தேடுவார்.

தலைப்பைத் தாண்டியும் சறுக்கும் இடங்கள் உண்டு. நூலில் 'ரூம்' என்ற நாட்டுப் பெயர் வந்தவுடன் இத்தாலி ரோமாபுரி என்று எழுதிவிடுவார்கள். மலாய்க் கதைகளில் அது பைசாந்தியம், பிறகு துருக்கி. மேற்கே தொலைவிலுள்ள பேரரசு. 'மகாவங்சா'வை 'மகாவம்சம்' என்று திருத்தினால் இலங்கை நூலாகிவிடும். சொல்லின் வேர் ஒன்றுதான், நூல் வேறு. இந்நூலில் வரும் அரசன் 'ராஜா பெர்சியோங்'கின் பெயரில் சியோங் என்பது கோரைப்பல், ஆகவே 'கோரைப்பல் ராஜா'. சமையல்காரரின் விரல் இரத்தம் சொட்டிய கீரையைத் தின்று அந்த ருசிக்கு அடிமையானவன். கெடாவுக்குக் 'கடாரம்' என்று போடும் ஆசையையும் அடக்கிக்கொள்ளுங்கள். அது சோழர் மெய்க்கீர்த்தியின் சொல், கூடவே ராஜேந்திரனையும் இழுத்து வரும்.

கற்பனை உலகக் கதைகளிலும் கேம்களிலும் பிள்ளைகள் 'லோர்' என்கிறார்களே, அந்த நாடுகளின் பழங்கதைத் தொகுதிக்கும் 'பழமரபு' பொருந்தும். அதில் ஒரு கதை மட்டும் என்றால் 'பழமரபுக் கதை'. நடுவில் 'க்' விடுபடக் கூடாது.