வெந்நீர் வேறு, அறைவெப்பம் வேறு: குளிர்கால மோட்டார்ஹோமின் கணக்கு

ஆல்ப்ஸ் மலைப்பகுதியில் குளிர்காலத்திலும் மூடாத முகாம்கள் பல இருக்கின்றன. ஜனவரி இரவில் வெளியே மைனஸ் 10 டிகிரி. அங்கே நிற்கும் ஆறு மீட்டர் நீள மோட்டார்ஹோமுக்குள் (படுக்கை, சமையல், குளியல் வசதியோடு தங்கிப் பயணிக்கும் வண்டி) 20 டிகிரி வேண்டும். விடிந்ததும் குளிக்க வெந்நீர் வேண்டும். பழைய வண்டியை வாங்கி ஹீட்டரை மாற்ற நினைக்கிறவர்கள் பெரும்பாலும் இவ்விரண்டையும் ஒரே தேவையாக எண்ணிக்கொண்டு, எத்தனை கிலோவாட் வாங்கலாம் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். உண்மையில் இவை இரண்டும் வெவ்வேறு இயல்புள்ள தேவைகள். ஒன்று சிறியது, ஆனால் அவசரமானது. மற்றது பெரியது, இரவு பகலாக நிற்காதது. இந்த வேறுபாடு பிடிபட்டுவிட்டால் எதை வாங்குவது என்பதில் பாதி தெளிந்துவிடும்.

முதலில் தண்ணீர். ஒரு லிட்டர் நீரை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 4.19 கிலோஜூல் ஆற்றல் தேவை. பத்து லிட்டரை 15 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்றினால் சுமார் 1,885 கிலோஜூல், அதாவது அரை கிலோவாட்-மணிக்குச் சற்று மேல். ஒரு நாளைக்கு மூன்று முறை சூடாக்கினாலும் ஒன்றரை கிலோவாட்-மணிதான் ஆகும்.

இனி அறை. ஆறு மீட்டர் நீளம், 2.2 மீட்டர் அகலம், 2.1 மீட்டர் உயரம் என்று வைத்தால் தரை, கூரை, சுவர் எல்லாம் சேர்த்துச் சுமார் 60 சதுர மீட்டர் பரப்பு வழியாக வெப்பம் வெளியேறுகிறது. சுவரில் 30 மில்லிமீட்டர் நுரைக்காப்பு இருந்தால், ஒவ்வொரு சதுர மீட்டரும் ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு ஒரு வாட் வீதம் இழக்கும். ஜன்னல்கள், முன்கண்ணாடி, பாதுகாப்புக்காக எப்போதும் திறந்தே இருக்க வேண்டிய காற்றுத் துளைகள் ஆகியவற்றையும் சேர்த்தால் டிகிரிக்கு 100 வாட் என்பது நியாயமான மதிப்பீடு. உள்ளுக்கும் வெளிக்கும் 30 டிகிரி வேறுபாடு என்றால் 3 கிலோவாட். ஒரு முழு நாளுக்கு 72 கிலோவாட்-மணி. வெந்நீர் கேட்பதைப்போல ஏறத்தாழ ஐம்பது மடங்கு!

கூரையில் சோலார் தகடும் இருக்கைக்கடியில் லித்தியம் பேட்டரியும் வைத்திருப்பவர்கள், எல்லாவற்றையும் மின்சாரத்துக்கே மாற்றிவிட்டால் என்ன என்று கேட்பது இயல்பு. 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி ஒன்றில் அடங்குவது 1.28 கிலோவாட்-மணி. பத்து லிட்டர் நீரைச் சூடாக்க அதில் ஐந்தில் இரண்டு பங்கு போதும். கோடையில் வெயில் நன்றாக விழும் நாட்களில் இதை மனமாரச் செய்யலாம். அறையை அந்த ஜனவரி நாள் முழுவதும் சூடாக வைக்கவோ அப்படிப்பட்ட பேட்டரிகள் 56 வேண்டும். அதற்கு எதிரே ஒரு கிலோ புரொபேனில் 12.9 கிலோவாட்-மணியும் ஒரு லிட்டர் டீசலில் சுமார் 10 கிலோவாட்-மணியும் அடங்கியிருக்கின்றன. எனவே குளிர்காலத்தில் அறைக்கான வெப்பம் எரிபொருளிலிருந்துதான் வர வேண்டும். மின்சாரத்தின் வேலை அந்த வெப்பத்தை விசிறியால் தள்ளுவதும் தீப்பொறி தருவதும் மட்டுமே.

ஆனால் புது ஹீட்டருக்குப் பணம் எடுத்து வைக்கும் முன் ஓட்டுநர் பகுதியைப் பாருங்கள். முன்கண்ணாடியும் இரு பக்கக் கதவுக் கண்ணாடிகளும் சேர்ந்து இரண்டரை சதுர மீட்டர் இருக்கும்; எல்லாம் ஒற்றைக் கண்ணாடி. மொத்தப் பரப்பில் சுமார் நான்கு சதவீதமே வரும் அந்தப் பகுதி மட்டும் அந்த இரவில் 400 வாட் வரை கொட்டித் தீர்க்கிறது. வெளிப்புறமாகப் போர்த்தும் கனமான காப்புப் பாய் ஒன்று இதைப் பெருமளவு தடுக்கும். உள்ளே மாட்டும் பாயைவிட வெளியே மாட்டுவது மேல், ஏனென்றால் கண்ணாடி பாய்க்கு உட்பக்கமாக, வெதுவெதுப்பாக நிற்கிறது. மூச்சிலும் சமையலிலும் எழும் நீராவி அதன்மேல் படிந்து பனியாக உறைவதில்லை. வண்டி மேம்பாட்டில் இதைவிட மலிவான வேலை வேறில்லை. இதைச் செய்யாமல் ஹீட்டரைப் பெரிதாக்குகிறவர்கள், தெருவைச் சூடாக்க எரிபொருள் சுமக்கிறார்கள் என்றே சொல்வேன்.

ஐரோப்பாவில் 1990-களில் வந்த வண்டிகளில் அடிக்கடி காணப்படுவது ஜெர்மனியின் ட்ரூமா நிறுவனத்தின் எஸ் 3002 என்ற கேஸ் ஹீட்டரும், அதே நிறுவனத்தின் 10 அல்லது 14 லிட்டர் தனிக் கொதிகலனும். எஸ் 3002 ஓர் அருமையான பொறி. ஹீட்டரின் மூடிய எரியறைக்குள் சுடர் எரிகிறது. எரிய வேண்டிய காற்று வண்டிக்கு வெளியிலிருந்து வருகிறது, புகை குழாய் வழியே வெளியேறுகிறது. சூடான உலோகத்தை உரசிக்கொண்டு எழும் அறைக்காற்று தானாகவே சுழல்கிறது. விசிறி இல்லாமலும் வேலை செய்யும் என்பதால் பேட்டரி தீர்ந்தாலும் குளிரில் விறைக்க வேண்டியதில்லை. குறை என்னவென்றால், ஹீட்டருக்கு அருகே சுடும். கட்டில் மூலையில் நடுங்கும். விசிறியும் குழாய்களும் சேர்த்தால் ஓரளவு சமன்படும்.

இந்த இரண்டு கருவிகளையும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் பலரும் வைப்பது காம்பி வகை. ஒரே பெட்டிக்குள் ஒரு சுடர், அதைச் சுற்றி வெப்பப் பரிமாற்றி, அதையும் சுற்றிப் பத்து லிட்டர் துருவேறா எஃகுத் தொட்டி. விசிறி தள்ளும் காற்று பரிமாற்றியின் துடுப்புகளுக்கு இடையே ஓடி, நான்கு குழாய்கள் வழியே படுக்கை, குளியலறை, இருக்கையடி என்று பிரிந்து போகிறது. 4 கிலோவாட், 6 கிலோவாட் என இரு அளவுகள் உண்டு. மேலே போட்ட கணக்குப்படி 3 கிலோவாட் இழக்கும் வண்டிக்கு 4 கிலோவாட் போதும். விடியற்காலையில் குளிர்ந்து கிடக்கும் மரச்சாமான்களையும் மெத்தைகளையும் விரைவாகச் சூடேற்ற விரும்பினால் 6. குழாய் பொருத்தும்போது ஒவ்வொரு வளைவும் காற்றைத் தடுக்கும் என்பதை மறக்கக் கூடாது. மிகத் தொலைவிலுள்ள துளைக்கு நேரான பாதை கொடுங்கள். தண்ணீர்த் தொட்டியும் வடிகால் குழாயும் இருக்கும் பகுதிக்குச் சிறிதளவு சூடான காற்றைத் திருப்பிவிடுவது மிக முக்கியம். அறை 20 டிகிரியில் இருக்கும்போதே தரைக்கடியில் குழாய் உறைந்துபோவது இந்த வண்டிகளில் புதிதல்ல.

எரிபொருள் எது? ஜெர்மனியில் வழக்கமான 11 கிலோ சிலிண்டர் அந்த மைனஸ் 10 டிகிரி நாளில், இழப்புகளையும் சேர்த்தால், இரண்டு நாட்களுக்குள் காலியாகிவிடும். சிலிண்டரில் எந்த வாயு இருக்கிறது என்பதும் பெரிய செய்தி. பியூட்டேன் கொதிப்பது மைனஸ் 0.5 டிகிரியில், புரொபேனோ மைனஸ் 42-இல். உறைபனியில் பியூட்டேன் சிலிண்டர் நிறைந்திருந்தாலும் அது திரவமாகவே கிடக்கும், அடுப்பும் எரியாது ஹீட்டரும் எரியாது. தென் ஐரோப்பாவில் வாங்கிய பியூட்டேனோடு மலையேறியவர்கள் இதை இரவு நேரத்தில்தான் அறிந்துகொள்கிறார்கள். நாட்டுக்கு நாடு சிலிண்டரின் இணைப்பு வாயும் மாறுகிறது. இந்தத் தொல்லைகளுக்காகவே பலர் டீசலுக்குப் போகிறார்கள். வண்டியின் தொட்டியிலேயே இருக்கும் எரிபொருள், எந்த நாட்டிலும் கிடைக்கும்.

டீசல் ஹீட்டர் வேலை செய்யும் விதம் நுட்பமானது. சின்னஞ்சிறு பம்பு ஒன்று ‘டிக் டிக்’ என்ற சத்தத்தோடு துடிப்புக்கு ஒன்றாக அளந்த சிறு துளிகளை அனுப்புகிறது. அவை உலோக வலையில் பரவி ஆவியாகின்றன. மின்சாரத்தில் செஞ்சூடாகும் ஒரு முள் அந்த ஆவியைப் பற்றவைக்கிறது. சுடர் நிலைத்ததை உணரி சொன்னதும் முள் அணைகிறது. அதன்பின் எரிதலே தன்னைத் தாங்கிக்கொள்கிறது. பற்றவைக்கும் சில நிமிடங்களில் 12 வோல்ட்டில் பத்து ஆம்பியர் அளவுக்கு மின்னோட்டம் போகும். இங்கேதான் பழைய வண்டிகளில் பழுது பிறக்கிறது. பேட்டரிக்கும் ஹீட்டருக்கும் இடையே போய்வர பத்து மீட்டர் கம்பி, குறுக்களவு 2.5 சதுர மில்லிமீட்டர் என்றால் 0.7 வோல்ட் வழியிலேயே தொலைந்துவிடும். குளிரில் சோர்ந்த பேட்டரியோடு இதுவும் சேரும்போது முள் போதுமான அளவு சூடாகாது, கட்டுப்பாட்டுக் கருவி மின்னழுத்தம் குறைவு என்று நிறுத்திவிடும். ஹீட்டர் கெட்டுவிட்டது என்று புதிதாக வாங்கும் முன் கம்பியைத் தடிமனாக்கிப் பாருங்கள். அணைக்கும்போதும் பொறுமை வேண்டும். சுடர் நின்ற பிறகும் விசிறி சில நிமிடம் சுழன்று ஹீட்டரின் எரியறையைக் குளிர்விக்கும். நேரடியாக மின்னிணைப்பைத் துண்டித்தால் தேங்கிய வெப்பம் உள்ளிருக்கும் பாகங்களைக் கருக்கிவிடும்.

டீசல் ஹீட்டரை அளவுக்கு மீறிப் பெரிதாக வாங்குவது வீண் செலவு மட்டுமல்ல, கேடும்கூட. சிறிய வேனில் 4 கிலோவாட் ஹீட்டர் பத்தே நிமிடத்தில் வேண்டிய சூட்டைக் கொடுத்துவிட்டு, இரவெல்லாம் மிகத் தாழ்ந்த நிலையிலேயே முனகிக்கொண்டிருக்கும். அந்த நிலையில் எரிதல் முழுமையாக இருக்காது, கரி படியும், சில மாதங்களில் பற்றவே மறுக்கும். வேனுக்கு 2 கிலோவாட்டே நல்லது. எந்த ஹீட்டரானாலும் அவ்வப்போது சற்று நேரம் முழு வேகத்தில் எரியவிட்டால் கரி எரிந்து வெளியேறும். விளம்பரத்திலுள்ள கிலோவாட்டை நம்பாமல் மணிக்கு எத்தனை லிட்டர் டீசல் எரிகிறது என்ற எண்ணைத் தேடுங்கள். 0.25 லிட்டர் எரிக்கும் கருவி 2.5 கிலோவாட்டுக்கு மேல் தரவே முடியாது.

மலையேறுகிறவர்கள் இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். இத்தாலியின் பனிச்சறுக்கு ஊரான லிவிஞ்யோ சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. பம்பு அதே அளவு டீசலை அனுப்ப, ஆக்சிஜன் குறைய, சுடர் கரியைக் கக்கும். உயரத்துக்கேற்ப எரிபொருளைக் குறைக்கும் வசதி சில கருவிகளில் உள்ளேயே வருகிறது, சிலவற்றுக்குத் தனியே வாங்கிப் பொருத்த வேண்டும். 1,500 மீட்டருக்கு மேல் அடிக்கடி தங்குபவர் இதைக் கேட்காமல் வாங்கக் கூடாது.

மறுபடியும் தண்ணீருக்கு வருவோம். 60 டிகிரியிலுள்ள பத்து லிட்டரை 10 டிகிரி நீரோடு கலந்து 38 டிகிரிக்குக் கொண்டுவந்தால் ஏறத்தாழ 18 லிட்டர் குளியல்நீர் கிடைக்கும். நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் வீதம் மூன்றரை நிமிடக் குளியல். அடுத்தவர் காத்திருக்க வேண்டும், சுமார் இருபது நிமிடம். காத்திருப்பு வேண்டாம், குழாயைத் திறந்ததும் ஓடும் நீரையே சூடாக்கலாமே என்றால், நிமிடத்துக்கு ஐந்து லிட்டரை 30 டிகிரி உயர்த்த 10 கிலோவாட்டுக்கு மேல் வேண்டும். அறை முழுவதையும் மைனஸ் பத்தில் காக்கும் சுடரைப்போல மூன்று மடங்கு! அமெரிக்காவின் பெரிய வண்டிகளுக்கு அத்தகைய கருவிகள் 17 கிலோவாட் அளவில் விற்கின்றன. ஐரோப்பிய வண்டிகளில் சிறு தொட்டியே நிலைத்திருப்பதற்கு இதுதான் காரணம்.

அமெரிக்க வண்டிகளில் வழக்கமானது ஆறு கேலன், அதாவது சுமார் 23 லிட்டர் தொட்டி. உட்புறம் பீங்கான் பூசிய எஃகுத் தொட்டியாக இருந்தால் அதற்குள் ஒரு மெக்னீசியத் தண்டு நிற்கும். எஃகுக்குப் பதிலாக அது அரிக்கப்பட்டுத் தீர்வதே அதன் பணி. தண்டு கரைந்து கம்பி தெரியத் தொடங்கினால் உடனே மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் அரிப்பு தொட்டிக்குத் தாவும். இத்தொட்டிகளில் மின்சூடேற்றி சேர்ப்பது பரவலான மேம்பாடு. நீர் இல்லாத தொட்டியில் அதைப் போட்டால் நொடிகளில் எரிந்துபோகும்.

பலரும் கவனிக்காத வெந்நீர் வழி ஒன்று உண்டு. வண்டியின் எஞ்சின் எரிக்கும் டீசலில் பெரும்பகுதி வெப்பமாகவே வீணாகிறது. அதன் குளிர்விப்பு நீர் 85-90 டிகிரியில் ஓடுகிறது. அதை ஒரு சுருள் குழாய் வழியே காப்பிட்ட தொட்டிக்குள் சுற்றவிட்டால், அரை மணி நேரப் பயணத்திலேயே இருபது லிட்டர் வெந்நீர் தயார். படகுகளில் நெடுங்காலமாகப் புழங்கும் ஏற்பாடு இது. தினமும் ஊர்விட்டு ஊர் போகிறவருக்கு இதைவிடச் சிறந்தது எனக்குத் தெரியவில்லை. தொட்டிநீர் 80 டிகிரியைத் தாண்டக்கூடும் என்பதால், குழாய்க்கு முன் தானாகக் குளிர்நீரைக் கலக்கும் வால்வு கட்டாயம். சேமித்த நீரை 60 டிகிரி வரை சூடாக்குவதும் காரணத்தோடுதான்: லெஜியோனெல்லா பாக்டீரியா 20 முதல் 45 டிகிரி வரையிலான வெதுவெதுப்பில் பெருகும்.

காம்பி கருவிகளில் உறைபனி வால்வு என்ற சிறு பாகம் இருக்கிறது. சுற்றுப்புறம் 3 டிகிரிக்கு இறங்கியதும் மின்சாரம் இல்லாமலே திறந்து தொட்டிநீரை வெளியே கொட்டிவிடும். நீர் பனியாகும்போது ஒன்பது சதவீதம் விரிந்து எஃகையே கிழிக்கும் என்பதால் இந்த ஏற்பாடு. காலையில் நீர் நிரப்பினாலும் நிற்கவில்லை என்றால் பதற வேண்டாம். அந்த மூலை 7 டிகிரிக்கு மேல் சூடான பிறகே வால்வை மூட முடியும். முதலில் அறை, பிறகு தண்ணீர்.

காற்றுக்குப் பதிலாகக் கிளைகால் (உறைவதைத் தடுக்கும் திரவம்) கலந்த நீரைச் சுவரோரக் குழாய்களில் சுழலவிடும் ஸ்வீடனின் ஆல்டே முறையும் உண்டு. சத்தமில்லாத, சமமான சூடு. ஆனால் சூடேற ஒரு மணி நேரமாவது ஆகும், எடையும் கூடும். பழைய வண்டியில் சேர்க்க வேண்டுமானால் மரச்சாமான்களையே கழற்ற வேண்டும். புதிதாக வாங்குகிறவர் விரும்பிக் கேட்கலாம், பழையதில் புகுத்துவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

முகாமில் மின்சாரம் கிடைத்தால் எல்லாம் தீர்ந்தது என்றும் எண்ண முடியாது. பல முகாம்களில் இணைப்பு 6 ஆம்பியர்தான். 230 வோல்ட்டில் அது 1,380 வாட். காம்பியின் மின்வகையில் 900, 1,800 என இரு நிலைகள் வைத்திருப்பது இதற்காகவே. அந்த 900 வாட் வெந்நீருக்குப் போதும். அறைக்கு, மேலே கண்ட இழப்பில், 9 டிகிரி வேறுபாட்டைத்தான் தாங்கும்.

கடைசியாகப் புகை. ஒரு கிலோ புரொபேன் எரிந்தால் 1.6 கிலோ நீராவி பிறக்கிறது. அடுப்பை ஏற்றிக் குளிர்காய்கிறவரின் சுவரெல்லாம் வியர்ப்பது அதனால்தான். அதைவிடக் கொடியது கார்பன் மோனாக்சைடு. ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக அது ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும், மணமும் இல்லை. ஹீட்டரை மாற்றும்போது பழைய புகைக்குழாயைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். புகைவாயை ஜன்னலுக்கு அடியிலோ கூடாரத் துணிக்குள்ளோ வைக்காதீர்கள். கூரைப் புகைவாயைப் பனி மூடியிருக்கிறதா என்று தினமும் பாருங்கள். வண்டி ஓடும்போதும் கேஸ் எரிய வேண்டுமானால், மோதலை உணர்ந்து வாயுவை அடைக்கும் சீராக்கி வேண்டும். எஸ் 3002 போன்ற ஹீட்டரின் வெப்பப் பரிமாற்றியை ஜெர்மனியில் 30 ஆண்டுகளில் மாற்றியாக வேண்டும். கேஸ் அமைப்பை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தகுதிபெற்ற ஆய்வாளர் சோதிக்கவும் வேண்டும். மற்ற வேலைகளை எல்லாம் உங்கள் கையாலேயே செய்துகொள்ளுங்கள்; கேஸ் இணைப்பை மட்டும் அத்தகையவரிடம் விட்டுவிட்டு, கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியைப் படுக்கைக்கு அருகே, தலை இருக்கும் உயரத்தில் பொருத்துங்கள்.