ஒரே வங்கி: வைப்புக்காரர் நித்திரை கொள்கிறார், பங்குக்காரர் முழித்திருக்கிறார்

2020 மே 11, திங்கட்கிழமை. கொரோனா ஊரடங்கால் மார்ச்சிலிருந்து மூடிக்கிடந்த கொழும்புப் பங்குச் சந்தை அன்றைக்குத்தான் திறந்தது. திறந்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, 20 பெரிய கம்பனிகளை வைத்துக் கணிக்கிற எஸ் அண்ட் பி எஸ்எல்20 சுட்டி 10 வீதம் விழ, அன்றைய வியாபாரத்தையே நிறுத்திவிட்டார்கள். அந்த இருபதுக்குள் பெரிய தனியார் வங்கிகளும் இருக்கின்றன. அதே கிழமைகளில் அதே வங்கிகளின் திருகோணமலைக் கிளைகளுக்கு முன்னால் மாஸ்க் போட்டுக்கொண்டு இடைவெளி விட்டு வரிசையில் நின்ற சனம் பணத்தைத் தூக்கிக்கொண்டு ஓட நிற்கவில்லை. ஓய்வூதியம் எடுக்க, அடகு நகைக்கு வட்டி கட்ட, இப்படித்தான் நின்றார்கள்.

வங்கி ஒன்றுதான். அதில் நிலையான வைப்பு வைத்திருப்பவருக்கு இல்லாத பயம் பங்கு வைத்திருப்பவருக்கு மட்டும் எங்கிருந்து வருகிறது? நம்மூரில் பலர் இரண்டையும் வைத்திருக்கிறார்கள், ஒரு பயத்துக்கும் மற்றதுக்கும் வித்தியாசம் தெரியாமலே.

விஷயம் வங்கியின் ஐந்தொகையில், அதாவது சொத்தையும் கடனையும் காட்டுகிற கணக்கில், இருக்கிறது. வங்கி வைத்திருக்கிற சொத்து, அதாவது கொடுத்த கடன்களும் வாங்கி வைத்த திறைசேரி முறிகளும் (அரசு கடன் வாங்கும்போது கொடுக்கிற பத்திரங்கள்) மற்றதும் சேர்த்து 100 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஏறத்தாழ 90 ரூபாய் அடுத்தவனுடைய காசு, பெரும்பகுதி வைப்பு. மிச்சம் 10 ரூபாய்தான் பங்குதாரருக்குச் சொந்தமான மூலதனம், சில வங்கிகளில் அதைவிடவும் குறைவு. கொடுத்த கடனில் 5 ரூபாய் திரும்பி வராது என்று வந்தால் நட்டம் முதலில் அந்தப் பத்தில்தான் விழும். வங்கியின் சொத்து 5 வீதம்தான் குறைந்தது, பங்குதாரரின் உடைமையோ பாதியாகிவிட்டது. வைப்புக்காரருக்கு ஒரு சதமும் போகவில்லை. போதாததற்கு அவருக்கு மத்திய வங்கியின் வைப்புக் காப்புறுதியும் இருக்கிறது. அப்போது 6 இலட்சம் ரூபாய் வரை இருந்தது, 2021இல் 11 இலட்சமாக உயர்த்தினார்கள். உவர்மலையில் ஒரு கோடி ரூபாய் வீட்டை 90 இலட்சம் கடனில் வாங்கியவரை நினைத்துப் பாருங்கள்: வீட்டு விலை பத்து இலட்சம் இறங்கினால் அவர் கைக்காசு முழுதும் போச்சு, கடன் கொடுத்தவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஒரு சீமெந்துக் கம்பனியோ தேயிலைக் கம்பனியோ இந்த அளவுக்கு அடுத்தவன் காசில் ஓடுவதில்லை. அதனால்தான் நாட்டுக்கு ஒன்று என்றதும் வங்கிப் பங்கு முதலில் ஆடுகிறது.

சரி, தொற்றுநோய் எப்படி அந்தப் பத்து ரூபாய்க்குள் புகுந்தது? நிலாவெளியில் ஒரு விருந்தினர் விடுதி, வங்கியில் 50 இலட்சம் கடன். சாதாரண காலத்தில் அந்த விடுதி கடனைக் கட்டாமல் விடுவதற்கான வாய்ப்பு 2 வீதம் என்றும், விட்டாலும் காணியை விற்று மீட்டது போக 40 வீதம் நட்டமாகும் என்றும் வங்கி கணிக்கிறது. 50 இலட்சத்தில் 2 வீதம், அதில் 40 வீதம்: 40,000 ரூபாய். இதை வங்கி முன்கூட்டியே நட்டமாக எழுதி ஒதுக்கி வைக்க வேண்டும். இப்போது விமான நிலையம் பூட்டு, வெள்ளைக்காரன் ஒருவனும் இல்லை. கட்டாமல் விடும் வாய்ப்பு 20 வீதம் என்று வங்கி மாற்றிக் கணித்தால் ஒதுக்க வேண்டியது 4 இலட்சம். கவனியுங்கள், விடுதிக்காரர் இன்னும் ஒரு தவணையும் தவறவில்லை, அரசாங்கம் கொடுத்த கடன் சலுகைக் காலத்தில் ஒழுங்காக இருக்கிறார். ஆனாலும் வங்கியின் இலாபத்திலிருந்து 3 இலட்சத்து 60 ஆயிரம் போய்விட்டது. (எண்கள் என்னுடையவை, உண்மையான கணக்கு இதைவிடச் சிக்கல், கடனின் முழு ஆயுளுக்கும் நட்டம் கணிக்க வேண்டிய கட்டங்களும் உண்டு.)

இலங்கை வங்கிகள் 2018இலிருந்து பின்பற்றுகிற கணக்கீட்டு நியமம் இது. பழைய முறையில் கடன் பழுதான பிறகுதான் நட்டம் எழுதுவார்கள், இப்போது பழுதாகும் என்று எதிர்பார்த்தாலே எழுத வேண்டும். அதனால் வருங்காலத்தைப் பற்றிய ஊகம் நேரே இந்தக் காலாண்டின் இலாபத்தில் வந்து குந்திவிடுகிறது.

அந்த மே மாதமே இன்னொன்றும் நடந்தது. ஆண்டு முடியும்வரை வங்கிகள் காசாகப் பங்கிலாபம் கொடுப்பதற்கு மத்திய வங்கி கட்டுப்பாடு போட்டது. "பாத்தீங்களே, பாங்கில காசில்லை, அதுதான் டிவிடன்ட் இல்லை" என்று பேச்சு பரவியது. உண்மையில் அந்தப் பத்து ரூபாய் ஒன்பதாகாமல் பார்க்கத்தான் அந்தக் கட்டுப்பாடு. வங்கி பலப்பட்டது, பங்கிலாபத்தை நம்பியிருந்தவரின் மாத வரவு செலவு மட்டும் படுத்துவிட்டது; அவருடைய கோபத்தைப் பிழை என்று சொல்லமாட்டேன்.

இனி அரசியல். வங்கிப் பங்கைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் ஐந்து நிமிடத்தில் பேச்சு ஜனாதிபதி, பாராளுமன்றம் என்று திரும்புவதைப் பார்த்துச் சிலர் சலித்துக்கொள்வார்கள், பங்கைப் பேச வந்துவிட்டு அரசியலா என்று. எனக்கென்னவோ அது சரியான இடத்துக்குத்தான் போகிறது என்று படுகிறது, ஏனென்றால் இலங்கை வங்கிகளிடம் மிக அதிகமாகக் கடன் வாங்கியிருப்பது அரசாங்கம்தான். வைப்பாக வாங்கிய காசில் பெரிய பகுதி திறைசேரி உண்டியல், திறைசேரி முறி, அப்புறம் டொலரில் வெளியிட்ட சர்வதேச இறைமை முறி என்று அரசிடமே போய்ச் சேர்ந்திருந்தது. (இவ்வளவு அரசியல் பேசுகிறவர்களில் சிலர் கையில் இருப்பது விலை குறைவு என்று வாங்கிய எக்ஸ் வகைப் பங்கு, அதற்கு வாக்குரிமையே இல்லை.)

2022 ஏப்ரல் 8 அன்று மத்திய வங்கி கொள்கை வட்டி வீதத்தை ஒரே அடியில் 7 சதவீதப் புள்ளிகள் கூட்டியது. ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்டுவதை அரசு நிறுத்தியது. அடுத்த கிழமை பங்குச் சந்தையே மூடிக் கிடந்தது. வட்டி ஏறினால் வங்கிக்கு நல்லதுதானே என்று அப்போது கேட்டவர்கள் உண்டு. புதுக் கடனுக்கு அது சரி. ஆனால் வங்கியின் பெட்டியில் ஏற்கெனவே இருக்கிற பழைய முறிக்கு என்ன ஆகும்? வருடம் 10 ரூபாய் வட்டி தந்து ஐந்து வருடத்தில் 100 ரூபாயைத் திருப்பித் தரும் முறி ஒன்று. சந்தையில் புதிதாக 30 வீதம் கிடைக்கிறபோது இந்தப் பழசை 100 ரூபாய்க்கு யார் வாங்குவார்கள்? கணக்குப் போட்டால் ஏறத்தாழ 51 ரூபாய்தான் பெறும். முதிர்வுவரை வைத்திருக்கும் முறிகளின் இந்த வீழ்ச்சியை வங்கி தன் கணக்கில் காட்டத் தேவையில்லை. ஆனால் பங்கை வாங்குகிறவனுக்கு அது தெரியும், அதையும் கழித்துத்தான் விலை சொல்கிறான். புத்தகக் கணக்கில் ஒரு பங்குக்கு 200 ரூபாய் நிகர சொத்து என்று போட்டிருக்க, சந்தையில் அது பாதிக்கும் கீழே விலைபோவதை மலிவு விற்பனை என்று நினைத்துப் பாய்கிறவர்கள் இந்த இடத்தைத்தான் கோட்டை விடுகிறார்கள். பாதி விலை என்றால், அந்தப் புத்தகக் கணக்கை நாங்கள் முழுக்க நம்பவில்லை என்று சந்தை சொல்கிறது. சந்தை பிழையாக இருக்கலாம், 2020இல் அப்படி நினைத்து வாங்கி வைத்தவர்கள் அடுத்த வருடம் நல்ல இலாபம் பார்த்தார்கள்தான். ஆனாலும் அது மலிவு விற்பனை இல்லை, பந்தயம்.

அரசு உள்நாட்டில் வாங்கிய கடனின் தவணையையும் வட்டியையும் மாற்றுகிற மறுசீரமைப்புத் திட்டம் 2023 ஜூன் கடைசியில் வந்தபோது எல்லோருக்கும் ஒரே கேள்வி: வங்கிகளின் திறைசேரி முறியிலும் கை வைப்பார்களா? விடுமுறைகளைச் சேர்த்து ஐந்து நாள் வங்கிகளைப் பூட்டினார்கள். அறிவிப்பில் வங்கிகளின் திறைசேரி முறிகள் தப்பின, ஓய்வூதிய நிதிகளின் முறிகள்தான் மாட்டின. ஜூலை 4 அன்று சந்தை திறந்தபோது வங்கிப் பங்குகள் பறந்தன. பங்கு ஏறியதென்று சந்தோஷப்பட்ட சம்பளக்காரர்கள் பலரின் ஊழியர் சேமலாப நிதிதான் அந்தச் சுமையில் பெரும்பகுதியைச் சுமந்தது என்பதை அன்றைக்குப் பெரிதாக யாரும் பேசவில்லை.

தேர்தல் காலத்தில் விலை ஆடுவதற்குக் கணக்கு எளிது. ஒரு முடிவு வந்தால் பங்கு 100 ரூபாய், மற்றது வந்தால் 60, இரண்டுக்கும் சம வாய்ப்பு என்றால் இன்றைய விலை 80. முடிவு தெரிந்ததும் அது 80இல் நிற்க முடியாது, ஏதோ ஒரு பக்கம் பாய்ந்தாக வேண்டும். சிக்கல் என்னவென்றால், அந்த 60 என்கிற எண்ணே பயத்தில் போட்டதாக இருக்கலாம். 2024 செப்டம்பர் ஜனாதிபதித் தேர்தலுக்கு முன் இறங்கிய சந்தை, பலர் பயந்த முடிவே வந்த பிறகு ஏறியது. சர்வதேச நாணய நிதியத்தின் திட்டத்தைப் புதிய அரசும் தொடர்ந்தது, டிசம்பரில் பழைய டொலர் முறிகளுக்குப் பதில் புதியவற்றைக் கொடுக்கும் பரிமாற்றமும் முடிந்தது.

அப்போதெல்லாம் டச்சு வளைகுடாக் கடற்கரையில் மாலை நடைக்கு வருகிறவர்களிடையேயும் இதே கதைதான். "அண்ணை, எலெக்ஷன் முடியுமட்டும் வச்சிருப்பமோ, இப்பவே வித்துப்போட்டு வெளியால வருவமோ?" கேட்கிறவருக்கு வேண்டியது பதில் இல்லை, மற்றவர் என்ன செய்கிறார் என்பது. 1992இல் பொருளியலாளர்கள் மூவர் இதற்கு ஒரு மாதிரியைக் கட்டிக் காட்டினார்கள், தகவல் அருவி என்று சொல்லலாம். ஒருவர் விற்கிறார், கொழும்பில் மைத்துனர் ஏதோ சொன்னாராம். அடுத்தவரும், தன் சொந்தக் காரணத்துக்காக, விற்கிறார். மூன்றாமவர் சல்லி, உப்புவெளி, நிலாவெளி என்று சாமான் கொண்டுபோய்ப் போடுகிறவர். விடுதிகளில் அறைகள் நிரம்பத் தொடங்கியதை, சமையற்காரரைத் திரும்பக் கூப்பிட்டதை, பழைய பாக்கியைக் கட்டிவிட்டார்கள் என்பதைக் கண்ணால் கண்டவர். ஆனால் இரண்டு பேர் விற்றுவிட்டார்களே, அவர்களுக்கு என்ன தெரியுமோ என்று தானும் விற்கிறார். நான்காமவருக்கு மூன்று பேர் விற்றது மட்டும்தான் தெரியும், விடுதி நிரம்பிய சேதி மூன்றாமவரோடு நின்றுவிட்டது. ஒவ்வொருவரும் செய்தது தனித்தனியே புத்திசாலித்தனம்தான், எல்லாம் சேரும்போது கூட்டத்துக்கு எதுவும் தெரியவில்லை. ஆயிரம் பேர் விற்றாலும் அதில் இருப்பது முதல் இரண்டு பேரின் தகவல் மட்டுமே.

இதில் எரிச்சல் என்னவென்றால், மேலே போட்ட விடுதிக் கணக்கில் 2 வீதமா 20 வீதமா என்பதைக் கொழும்பு ஆய்வாளரைவிட முன்னதாக மணக்கக்கூடிய ஆள் அந்த மூன்றாமவர்தான். திருகோணமலை மாவட்டத்துக் கடன்கள் ஒரு பெரிய வங்கிக்குச் சிறு பகுதிதான், உண்மை. ஆனால் பாசிக்குடாவிலும் காலியிலும் இதே மாதிரி ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களும் மைத்துனர் சொன்னதைத்தான் கேட்கிறார்கள்.

கண்டதை எண்ணோடு ஒப்பிட விரும்புகிறவர் காலாண்டு நிதிக்கூற்றில் மூன்றாம் நிலைக் கடன் வீதத்தைப் பார்க்கலாம், மொத்தக் கடனில் ஏற்கெனவே பழுதானது எத்தனை வீதம் என்பது அது. அது இறங்கிக்கொண்டே வரும்போது வங்கி ஒதுக்கி வைத்த காசு குறையாமல் இருந்தால், பின்னால் அதில் ஒரு பகுதி இலாபமாகத் திரும்பக்கூடும். அப்புறம் மொத்தச் சொத்தில் அரசாங்கப் பிணையங்கள் எத்தனை வீதம் என்று வகுத்துப் பார்க்க வேண்டும். தேர்தல் பேச்சு உங்கள் பங்குக்கு எவ்வளவு பொருந்தும் என்பதற்கு அதுதான் அளவு. இரண்டும் கொழும்புப் பங்குச் சந்தையின் இணையத்தளத்தில் வங்கியின் பெயரைத் தட்டினால் இலவசமாகக் கிடைக்கிற அறிக்கையில், இயக்குநர் சபைத் தலைவரின் படமெல்லாம் தாண்டிப் பின்பக்கங்களில், சின்ன எழுத்தில் இருக்கின்றன.