லாரியேட்: அரசவையா, இலையா?

ஆங்கிலத்தில் எழுதும் கவிஞர் எட்வின் தம்புவைச் சிங்கப்பூரின் ‘போயட் லாரியேட்’ என்பார்கள். முன்னால் ‘அதிகாரபூர்வமற்ற’ என்று ஓர் அடைமொழியும் ஒட்டிக்கொள்ளும். அதைத் தமிழில் சொல்லப் போனால் கை தானாக ‘அரசவைக் கவிஞர்’ என்று எழுதிவிடுகிறது. அங்கேதான் இடிக்கிறது.

மூலச் சொல்லில் அரசனும் இல்லை, அவையும் இல்லை; வெறும் இலைதான். லத்தீனில் ‘லௌரஸ்’ ஒரு மரம். அதன் இலையால் கட்டிய மாலையைத் தலையில் சூடியவர் லாரியேட். கவிஞர் பெட்ரார்க்குக்கு 1341இல் ரோமில் அப்படித்தான் சூட்டினார்கள். (நம் பிரியாணியில் மிதக்கும் பிரிஞ்சி இலை வேறு; அது பட்டை இனம். ஆனால் இரண்டும் பங்காளிகள், ஒரே தாவரக் குடும்பம்.) அப்புறம் இங்கிலாந்தில் 1668இல் ஜான் டிரைடன் அரச நியமனம் பெற்றபோது, சூடியவர் என்ற சொல் பதவிப் பெயராகிவிட்டது.

சூட்டும் வழக்கம் நமக்கும் புதிதல்ல. ‘பாணன் சூடிய பசும்பொன் தாமரை’ என்றே தொடங்குகிறது புறநானூற்றின் 141ஆம் பாட்டு. லாரியேட்டுக்கு உண்மையான உறவு இந்தப் பொற்றாமரைதான். என்ன செய்வது, அதைப் பதவிப் பெயராக யாரும் ஆக்கவில்லை.

நமக்குக் கிடைத்தது ‘ஆஸ்தான கவிஞர்’. ஆஸ்தானம் வடசொல், அரச மண்டபம் என்று பொருள். அதன் தமிழ் வடிவம்தான் அரசவைக் கவிஞர். 1949இல் நாமக்கல் கவிஞருக்கும் 1978இல் கண்ணதாசனுக்கும் அரசாங்கம் கொடுத்த பட்டம். மன்னர்கள் போய்விட்டார்கள், அவை மட்டும் பெயரில் தங்கிவிட்டது.

சிங்கப்பூர் குடியரசு. இங்கே அப்படியொரு பதவியும் இல்லை. தம்புவிடம் இருப்பவை வேறு: இலக்கியத்திற்கான முதல் கலாசாரப் பதக்கம், 1981இல் பொதுச் சேவை நட்சத்திர விருது, பல்கலைக்கழகக் கலைப்புலத் தலைவராகப் பல ஆண்டுகள், சிங்கத் தலையும் மீன் உடலும் கொண்ட சிங்கப்பூர்ச் சின்னமான மெர்லயனைப் பாடிய அந்தக் கவிதை. இவரை ‘தேசியக் கவிஞர்’ என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. ‘தேசியக்கவி என்றால் பாரதியல்லவா?’ என்பார்கள். தமிழ்நாட்டில் அந்தச் சொல்லில் விடுதலைப் போராட்ட வாசனை உண்டுதான். ஆனால் தேசிய தினம், தேசிய நூலகம், தேசிய சேவை என்று நாளெல்லாம் புழங்கும் ஊரில் அதற்கு வேறு வாசனை.

சரி, நோபெல் லாரியேட்? அங்கே கவிஞரும் வேண்டாம், அவையும் வேண்டாம். ‘நோபெல் பரிசாளர்’ போதும்.