ஜெட் ஓட்டுகிறவர் ஹெட்செட் வாங்கும்முன்

கோவையில் செவித்திறன் பரிசோதனை செய்வது என் வேலை. விசைத்தறிக்காரர்கள்தான் அதிகம் வருவார்கள். எப்போதாவது பிசினஸ் ஜெட் ஓட்டும் விமானிகளும். "ஏ.என்.ஆர். ஹெட்செட் வாங்கிட்டா காதுக்குக் கவலையில்லைதானுங்க?" என்பார்கள். சத்தத்துக்கு எதிர் அலை உண்டாக்கி அதை அடக்கும் மின்னணு ஏற்பாடுதான் ஏ.என்.ஆர்.

கவலை இருக்கிறது. ஏ.என்.ஆர். நன்றாக அடக்குவது தாழ்ந்த சுருதி ஒலிகளை. பயிற்சி விமானத்தின் பிஸ்டன் இன்ஜின் உறுமலுக்கு அது அருமை. சிறிய ஜெட்டில் இன்ஜின்கள் பெரும்பாலும் வாலருகே இருக்கும். வேகம் கூடக் கூட காக்பிட்டில் காற்று இரைச்சல்தான் மேலோங்கும். அதிலுள்ள உயர்ந்த சுருதியைத் தடுப்பது காதைச் சுற்றி இடைவெளியில்லாமல் படியும் மெத்தை. கடையில் சுவிட்சைப் போட்டதும் ஏசி சத்தம் மறைகிறதே என்று மயங்க வேண்டாம். நீங்கள் பறக்கும்போது போடும் மூக்குக்கண்ணாடியோடு மாட்டிப் பாருங்கள். அதன் காது வளைவு தடிமனாக இருந்தால் மெத்தைக்கும் தோலுக்கும் நடுவே சந்து விழும்; அந்தச் சந்து வழியே இரைச்சல் உள்ளே வரும். ரேடியோ கேட்கவில்லை என்று வால்யூமைக் கூட்டுவோம். காதுக்குச் சேரும் கணக்கில் அதுவும் உண்டு.

சோமனூர்த் தறிக்காரர்களின் ஆடியோகிராமில், அதாவது செவித்திறன் வரைபடத்தில், 4000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளம் தெரியும். சத்தத்தால் வரும் சேதத்தின் வழக்கமான முதல் அடையாளம் அது. விமானிகளுக்குச் சர்வதேச விதி அனுமதிக்கும் அதிகபட்சக் கேட்புக் குறைவு 500, 1000, 2000 ஹெர்ட்ஸில் 35 டெசிபல், 3000-இல் 50 டெசிபல். 4000 அந்தக் கணக்கிலேயே இல்லை. மெடிக்கலில் தேறியவருக்கும் பள்ளம் விழ ஆரம்பித்திருக்கலாம். அதனால் 4000, 6000 ஹெர்ட்ஸையும் சேர்த்து எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

எடையும் முக்கியம். போஸ் நிறுவனத்தின் ஏ20 ஹெட்செட் சுமார் 340 கிராம். அதே நிறுவனம் ஜெட் காக்பிட்டுக்கென்றே செய்த புரோஃப்ளைட் சுமார் 130 கிராம். பின்னது காதுத் துளையில் செருகுவது. காதில் அடிக்கடி அழுக்கு சேர்கிறவர்களும் சீழ் வந்தவர்களும் முதலில் காதைக் காட்டிவிட்டு வாங்கலாம்.

பலர் பார்க்க மறப்பது ஆக்சிஜன் மாஸ்க். 40,000 அடியில் காற்றழுத்தம் போனால் தெளிவாகச் செயல்பட 15 முதல் 20 விநாடிதான். அவசர மாஸ்க்கை ஒரே கையால் 5 விநாடிக்குள் மாட்ட வேண்டும். ஹெட்செட்டின் தலைப்பட்டை அகலமாக இருந்தால் மாஸ்க்கின் பட்டை அதில் சிக்கும், அல்லது காதுக்கிண்ணத்தை நகர்த்திவிடும். விமானம் தரையில் நிற்கும்போதே மாட்டிப் பார்த்துவிடுங்கள். அப்படியே உங்கள் விமானத்துக்கு எந்த பிளக் என்று இன்ஜினியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்; ஹெலிகாப்டருக்கான ஒற்றை பிளக் மாடலை மலிவு என்று வாங்கிவிட்டு அடாப்டருக்கு அலைய வேண்டாம்.