31ஆம் திகதி விற்பனை எங்கே போனது?

இந்த வருடம் இது மூன்றாவது தடவை. புறக்கோட்டையில் மொத்த வியாபாரம் செய்யும் ஒருவர் போன கிழமை கூப்பிட்டு, "தம்பி, மாதக் கணக்கு லாச்சிக் காசோடு ஒத்துவரவில்லை, கடைப் பொடியனில்தான் சந்தேகம்" என்றார். அவனுடைய சம்பளத்தில் ஏற்கனவே வெட்டியும் இருந்தார்கள். போய்ப் பார்த்தால் கோளாறு பொடியனில் இல்லை, அறிக்கைக்காக டேட்டாபேஸிடம் கேட்கும் குவெரியில் (கேள்விக் கட்டளையில்). 'இதிலிருந்து இதுவரை' என்று எல்லை சொல்லும் பிட்வீன் (BETWEEN) போட்டு 1ஆம் திகதி முதல் 31ஆம் திகதி வரை என்று எழுதியிருந்தார்கள்.

"பிட்வீன் இரண்டு முனையையும் சேர்க்கும்தானே அண்ணா?" என்று அதை எழுதிய தம்பி கேட்டார். எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள். சேர்க்கும், உண்மை. ஆனால் திகதியைப் பதியும் அந்தக் கொலத்தில் (அட்டவணை நிரலில்) இருப்பது வெறும் திகதி இல்லை, நேரமும் சேர்ந்தது. 31 என்று மட்டும் கொடுத்தால் டேட்டாபேஸ் அதை 31ஆம் திகதி 00:00 என்று, அதாவது அந்த நாள் தொடங்கும் கணமாகவே எடுக்கும். கடை திறப்பதே காலையில்தான். அன்று போட்ட பில் அத்தனையும் எல்லைக்கு வெளியே நிற்கும்.

23:59:59 என்று ஒட்டுப் போடாதீர்கள், கடைசி செக்கனின் பின்னம் விழுந்துவிடும். .999 சேர்த்தாலோ, எஸ்கியூஎல் சர்வர் என்ற டேட்டாபேஸின் பழைய டேட்டைம் வகை அதை அடுத்த நாள் 00:00 ஆக்கிவிடும், அப்புறம் நேரம் இல்லாமல் பதிந்த அடுத்த மாத 1ஆம் திகதிக் கணக்கு முழுவதும் இந்த மாதத்துக்குள் வந்துவிடும். தொடக்கம் உள்ளே, முடிவு வெளியே, அவ்வளவுதான். டிசம்பர் என்றால் டிசம்பர் 1 அல்லது அதற்குப் பின், ஆனால் ஜனவரி 1க்கு முன். பெப்ரவரிக்கு 28 நாளா 29 நாளா என்ற கேள்வியே வராது.

இதை ஒரே ஒரு ஃபங்ஷனில் எழுதி எல்லா இடத்திலும் அதையே கூப்பிடுங்கள். அந்தக் கடையின் கோடில் 11 இடத்தில் கொப்பி பண்ணியிருந்தார்கள், நான்கு ஒரு விதம், மற்றவை வேறு விதம். ஒரு முனை தரப்படாவிட்டால் அந்த நிபந்தனையையே விட்டுவிட வேண்டும், ஆனால் 0 கொடுத்தால் அதைத் தரப்படாததாக எடுக்கக் கூடாது. இருப்பு 0 முதல் 0 வரை என்று தீர்ந்த சாமான்களைத் தேடியவருக்கு களஞ்சியம் முழுவதும் வந்து நின்றதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். மதிப்புகளைக் குவெரியின் எழுத்தோடு ஒட்டாமல், பெராமீட்டராகத் தனியே அனுப்புங்கள். கொலத்தின் பெயர் அப்படிப் போகாது, ஆகவே அனுமதித்த பெயர்ப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். கொலத்தைச் சுற்றி டேட் ஃபங்ஷன் போட்டால் பெரும்பாலும் இண்டெக்ஸ் (வேகமாகத் தேட உதவும் அகரவரிசை போன்ற பட்டியல்) வீணாகும்.

நேரத்தை யூடிசியில் (UTC, உலகப் பொது நேரம்) சேமிக்கிறீர்களா? கொழும்பில் ஒரு நாள் பிறப்பது யூடிசியில் முந்திய நாள் 18:30க்கு. அதற்காக ஐந்தரை மணித்தியாலத்தைக் கையால் கூட்டாதீர்கள். 2006 ஏப்ரலுக்கு முன் சில வருடங்கள் நம் நேரம் ஆறு மணித்தியாலம் முன்னே இருந்தது. ஏசியா/கொழும்பு என்ற நேர வலயப் பெயரைக் கொடுத்தால் லைப்ரரி பார்த்துக்கொள்ளும்.

டெஸ்டில் 31ஆம் திகதி மாலை 6 மணிப் பில் ஒன்றும், மறுநாள் 00:00 பில் ஒன்றும் கட்டாயம் வையுங்கள். முதலாவது வர வேண்டும், மற்றது வரக் கூடாது. பத்து நிமிட வேலை, தயவுசெய்து இன்றைக்கே செய்துவிடுங்கள்.