ஒர்க்ஹவுஸ்: சொல் விளக்கம்

ஒர்க்ஹவுஸ் (பெயர்ச்சொல்): பிழைக்க வழியற்றவர்களை உள்ளே தங்கவைத்து, வேலை வாங்கிக்கொண்டு, உணவும் படுக்க இடமும் கொடுத்த பழைய இங்கிலாந்து நிறுவனம். தமிழில்: ஏழையர் உழைப்புக்கூடம், சுருக்கமாக, உழைப்புக்கூடம்.

சார்லஸ் டிக்கன்ஸின் ‘கிறிஸ்துமஸ் கரோல்’ குறுநாவலைப் படிப்பவர்கள் முதல் அத்தியாயத்திலேயே இந்தச் சொல்லில் இடறுவார்கள். ஏழைகளுக்கு நன்கொடை கேட்டு இரண்டு கனவான்கள் கதைநாயகனான கஞ்சன் ஸ்க்ரூஜின் அலுவலகத்துக்கு வருகிறார்கள். சிறைகள் இல்லையா, யூனியன் ஒர்க்ஹவுஸ்கள் இன்னும் நடக்கின்றனவா என்று அவன் கேட்கிறான். அங்கே போவதைவிடச் செத்துப்போகலாம் என்று பலர் நினைக்கிறார்கள் என அவர்கள் சொன்னதும், சாகட்டும், உபரி மக்கள்தொகையாவது குறையும் என்கிறான். இந்த இடத்தில் ‘தர்ம சத்திரம்’ என்றோ ‘அநாதை விடுதி’ என்றோ போட்டால் உரையாடலே குலைந்துவிடும். சத்திரத்துக்குப் போவதைவிடச் சாகலாம் என்று யார் சொல்வார்கள்?

பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்குப் பட்டறை என்றுதான் பொருள். ஏழைகளை வேலைக்கு வைக்கும் வீடு என்ற பொருளில் 1631-இல் ஆபிங்டன் நகர மேயரின் குறிப்பில் வருகிறது. 1723-ஆம் ஆண்டுச் சட்டம் இதற்குக் கூர் தீட்டியது: உள்ளே வர மறுப்பவருக்கு உதவியையே மறுக்கலாம் என்றானது. நாம் கதையில் பார்ப்பது 1834-ஆம் ஆண்டு ஏழையர் சட்டத் திருத்தத்துக்குப் பிந்தைய வடிவம். உடலில் தெம்புள்ளவருக்கு வீட்டிலிருந்தபடி உதவி கிடையாது, வேண்டுமானால் குடும்பத்தோடு உள்ளே வா என்பது அதன் கொள்கை. நடைமுறையில் வீட்டிலிருந்தபடி பெறும் உதவி முற்றிலும் நின்றுவிடவில்லை. ஆனால் சட்டத்தின் நோக்கத்தில் ஒளிவுமறைவு இல்லை.

‘யூனியன்’ என்பதைத் தொழிற்சங்கம் என்று படித்துவிடக் கூடாது. பல பங்குகளை (தேவாலய வட்டாரங்களை) ஒன்றாகச் சேர்த்து அமைத்த நிர்வாகப் பிரிவு அது. நம் ‘பஞ்சாயத்து யூனியன்’ என்பதில் உள்ள யூனியனைப் போலத்தான். ஒவ்வொரு யூனியனுக்கும் ஓர் உழைப்புக்கூடம் என்பது திட்டம்.

உள்ளே கிடைக்கும் வாழ்க்கை, வெளியே மிகத் தாழ்ந்த கூலிக்காரனின் வாழ்க்கையைவிட மோசமாக இருக்க வேண்டும் என்பது சட்டத்தை வடித்தவர்கள் எழுதிவைத்த விதி. கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், பிள்ளைகள் வேறு பக்கம். சீருடை உண்டு. தாரேறிய பழைய கப்பல் கயிறுகளை விரலால் நார் நாராகப் பிரிப்பது முக்கியமான வேலை. அந்த நாரைக் கப்பல் பலகை இடுக்குகளில் திணித்து அடைப்பார்கள். ஆண்களுக்குக் கல் உடைப்பதும், உரத்துக்காக எலும்பு இடிப்பதும் உண்டு. ஆண்டோவர் உழைப்புக்கூடத்தில் பசி தாங்காமல், இடிக்கக் கொடுத்த எலும்புகளில் ஒட்டியிருந்ததையே கடித்துத் தின்றார்கள் என்பது 1845-இல் வெளியே வந்து நாடே கொதித்தது. சட்ட ஆணையர்கள் வகுத்த உணவுப் பட்டியல் ஒன்றில் ஆணுக்குக் காலை உணவு 12 அவுன்ஸ் ரொட்டி, ஒன்றரை பைண்ட் கஞ்சி. அதாவது ஏறக்குறைய 340 கிராம் ரொட்டியும் 850 மில்லி கஞ்சியும். (ஸ்க்ரூஜும் அன்றிரவு கஞ்சிதான் குடிக்கிறான், ஜலதோஷத்துக்காக.)

டிக்கன்ஸ் உழைப்புக்கூடத்துக்குள் வாழ்ந்தவர் அல்லர். ஆனால் அதன் நிழல் எட்டும் தூரத்தில் இருந்தார். லண்டனில் அவர் குடும்பம் இரண்டு முறை குடியிருந்த நார்ஃபோக் தெரு வீட்டிலிருந்து சில வீடுகள் தள்ளி ஓர் உழைப்புக்கூடம் இருந்தது. 1824 பிப்ரவரியில் அப்பா ஜான், ரொட்டிக் கடைக்காரருக்குத் தர வேண்டிய 40 பவுண்டு 10 ஷில்லிங்குக்காக மார்ஷல்சி கடனாளிச் சிறைக்குப் போனார். 12 வயதுப் பையன் தேம்ஸ் கரையில் வாரன் பூட்ஸ் மைக் கிடங்கில் வேலை பார்த்தான். வாரத்துக்கு 6 அல்லது 7 ஷில்லிங். மை ஜாடியின் வாயை எண்ணெய்த் தாளால் மூடி, மேலே நீலத் தாள் வைத்து, கயிறு சுற்றிக் கட்டி, விளிம்பை ஒட்ட வெட்டி, லேபிள் ஒட்ட வேண்டும். இந்தக் கதை ஊருக்குத் தெரிந்தது 1870-இல் அவர் இறந்த பிறகு, நண்பர் ஜான் ஃபார்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாற்றின் வழியாகத்தான்.

1843-இல் குழந்தைத் தொழிலாளர் பற்றிய அரசு ஆணைய அறிக்கையைப் பார்த்துத் துண்டறிக்கை எழுத நினைத்து, பிறகு கைவிட்டார். அதைவிடப் பலமாக அடிக்கப் போகிறேன் என்று கடிதம் எழுதினார். அந்த அடிதான் டிசம்பர் 19 அன்று வெளியான இந்தக் குறுநாவல். விலை 5 ஷில்லிங். கதையில் ஸ்க்ரூஜின் எழுத்தர் பாப் க்ராட்சிட்டின் வாரச் சம்பளம் 15 ஷில்லிங். அவன் இந்தப் புத்தகத்தை வாங்க நினைத்தால் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும்.

தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். ‘பணிமனை’ சரிப்படாது, பஸ் டிப்போதான் நினைவுக்கு வரும். ‘கஞ்சித்தொட்டி’ காலத்தால் நெருங்கினாலும், அங்கே கஞ்சி வாங்கியவர் அடைபட்டுக் கிடக்கவில்லை. ‘இல்லம்’ என்று முடித்தால் கருணை வந்து ஒட்டிக்கொள்கிறது. ‘சிறை’ என்பதும் தவறு: முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு வெளியேறலாம், ஆனால் குடும்பமே சேர்ந்து வெளியேற வேண்டும். ‘கூடம்’ சிறைக்கூடத்தையும் தொழிற்கூடத்தையும் ஒருசேர நினைவூட்டுவதால் பொருந்துகிறது. முதல் முறை வரும்போது ‘ஏழையர்’ என்ற அடையை விடாமல் சேர்க்கவும்.

ஸ்க்ரூஜ் அதே மூச்சில் கேட்கும் மிதிசக்கரம் இதன் பகுதி அன்று. அது சிறைத் தண்டனைக் கருவி. உழைப்புக்கூடம் என்ற அமைப்பு 1930-இல் சட்டப்படி ஒழிந்தது. அமெரிக்க நூல்களில் இதே ஆங்கிலச் சொல் வந்தால் சிறு குற்றங்கள் செய்தவர்களை அடைக்கும் சிறை என்று பொருள். அங்கே உழைப்புக்கூடம் என்று எழுத வேண்டாம்.