துறையொத்தார் மதிப்பாய்வு: பியர் ரிவ்யூ என்ற சொல்லும் பேரிடர் ஆய்விதழ்களின் நடைமுறையும்

பேரிடர் மேலாண்மை ஆய்விதழ் எதன் கொள்கைக் குறிப்பை எடுத்தாலும் 'பியர் ரிவ்யூ' என்ற சொல் நாலைந்து இடத்திலாவது வரும். வந்த கட்டுரையை அச்சிடும் முன் அதே துறையின் வேறு ஆய்வாளர்களிடம் காட்டிக் கருத்து வாங்கும் நடைமுறை அது. தமிழில் இதைச் சக மதிப்பாய்வு, நிபுணர் ஆய்வு, நடுவர் மதிப்பீடு என்று ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். மூன்றுக்கும் பொருள் வேறு. எதை எழுதுகிறோமோ அதற்கேற்பக் கட்டுரையாளர் எதிர்பார்ப்பதும் மாறிவிடுகிறது.

பியர் என்பதன் வேர் லத்தீனின் 'பார்'. சமம், நிகர் என்று பொருள். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. 1215இன் மாக்னா கார்ட்டா, சுதந்திரமான எந்த மனிதனையும் அவனுடைய நிகரர்களின் தீர்ப்போ நாட்டின் சட்டமோ இல்லாமல் சிறைப்படுத்தக் கூடாது என்றது. அங்கே 'நிகரர்' என்றால் அவனோடு ஒரே படிநிலையில் இருப்பவர்கள். பிரிட்டனின் பிரபுக்களையும் பியர் என்றே அழைக்கிறார்கள். அவர்கள் தங்களுக்குள் சமம் என்பதுதான் காரணம். மேலே உள்ளவர் கீழே உள்ளவரைச் சோதிப்பது என்ற பொருள் இந்தச் சொல்லில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

ஆய்வுலகத்துக்கு இந்தப் பெயர் வந்தது மிகப் பிந்தித்தான். லண்டன் ராயல் சொசைட்டியின் 'ஃபிலசாஃபிக்கல் டிரான்சாக்‌ஷன்ஸ்' 1665இல் தொடங்கியபோது எதை அச்சிடுவது என்பதை அதன் செயலர் ஹென்றி ஓல்டன்பர்க் தானே முடிவு செய்தார். 1752இல் இதழைச் சங்கமே எடுத்து நடத்தத் தொடங்கியபின் ஒரு குழு வாக்களித்தது. எழுத்து வடிவில் அறிக்கை கேட்டு வாங்கும் வழக்கம் 1830களில் ஏற்பட்டது. அப்படி அறிக்கை எழுதியவரை ரெஃபரி என்றார்கள். பியர் ரிவ்யூ என்ற பெயர் பரவியது 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில். 'நேச்சர்' இதழ் எல்லாக் கட்டுரைக்கும் இதைக் கட்டாயமாக்கியது 1973இல்தான்.

இடையில் நடந்த ஒரு சண்டையைச் சொல்லாமல் விட முடியாது. 1936இல் ஐன்ஸ்டைனும் நேதன் ரோசனும் ஈர்ப்பலைகள் இல்லை என்ற முடிவோடு 'ஃபிசிக்கல் ரிவ்யூ'வுக்கு ஒரு கட்டுரை அனுப்பினார்கள். இதழாசிரியர் அதை வேறொரு இயற்பியலாளரிடம் காட்டிக் கருத்து வாங்கினார். அச்சாவதற்கு முன் மற்றவரிடம் காட்ட நாங்கள் அனுமதி தரவில்லை என்று கோபித்துக்கொண்டு ஐன்ஸ்டைன் கட்டுரையைத் திரும்பப் பெற்றார். அறிக்கை எழுதியவர் சுட்டிய பிழை உண்மையானது. மறுவருடம் வேறொரு இதழில் அக்கட்டுரை முடிவு மாற்றப்பட்டு வெளியானது. இன்று நாம் இயல்பாக எடுத்துக்கொள்ளும் நடைமுறை அன்றைக்கு அவமதிப்பாகப் பட்டிருக்கிறது.

இனித் தமிழ்ச் சொற்கள். 'சக' என்பது உடன் என்று பொருள்படும் வடசொல். சக பயணி, சக ஊழியர் என்பதைப் போல. கூட இருப்பவர் என்று சொல்கிறதே தவிர, அறிவு நிலை ஒத்தவர் என்று சொல்வதில்லை. 'நிபுணர் ஆய்வு' என்றால் ஒருவரை மேலே தூக்கி வைத்துவிடுகிறோம். 'நடுவர்' இன்னும் சிக்கல், ஏனென்றால் நடுவர் தீர்ப்புச் சொல்பவர். பட்டிமன்றத்திலும் கபடியிலும் அப்படித்தான். ஆய்விதழில் மதிப்பாய்வாளர் பரிந்துரை மட்டுமே செய்கிறார், முடிவு இதழாசிரியருடையது. மதிப்பாய்வாளர்கள் இருவரும் ஏற்கலாம் என்று சொன்னாலும் இதழாசிரியர் மறுக்கலாம். இது தெரியாமல், "இருவரும் நன்றாகத்தானே எழுதியிருக்கிறார்கள், எப்படி நிராகரித்தீர்கள்?" என்று மேல்முறையீடு எழுதும் கட்டுரையாளர்கள் உண்டு.

எங்கள் தேர்வு 'துறையொத்தார் மதிப்பாய்வு', அதே துறையில் நிகரானவர் செய்வது என்ற பொருளில். கொள்கைக் குறிப்பில் முதல் இடத்தில் முழுப் பெயரை எழுதிவிட்டு, பிறகு 'மதிப்பாய்வு' என்று சுருக்கிக்கொள்ளலாம். சக மதிப்பாய்வு ஏற்கெனவே வேரூன்றிவிட்டதே என்பவர்களோடு சண்டையில்லை. 'சக' யாரைக் குறிக்கிறது என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

தமிழ் மரபில் இதற்குப் பக்கத்தில் வருவது, புது நூலை அறிஞர் அவையில் படித்துக் காட்டும் அரங்கேற்றம். தொல்காப்பியப் பாயிரம், நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையத்தில் அதங்கோட்டாசானுக்கு நூலை 'அரில்தபத் தெரிந்து' காட்டியதாகச் சொல்கிறது. அரில் என்றால் பிணக்கு, குற்றம்; தப என்றால் நீங்க. ஆய்பவர் பெயர் ஊரறியும், ஆக்கியோனும் எதிரே இருப்பார், தடைவிடை, அதாவது கேள்வியும் பதிலும், அவையில் நடக்கும். இன்றைய கணக்கில் இது திறந்த மதிப்பாய்வு. ஐரோப்பியப் புவி அறிவியல் ஒன்றியத்தின் 'நேச்சுரல் ஹசார்ட்ஸ் அண்ட் எர்த் சிஸ்டம் சயின்சஸ்' இதழ் ஏறத்தாழ அப்படித்தான் நடக்கிறது. முன்வரைவை இணையத்தில் வைத்து, மதிப்பாய்வாளர் அறிக்கைகளையும் கட்டுரையாளர் மறுமொழிகளையும் எல்லாரும் படிக்க விடுகிறார்கள். மதிப்பாய்வாளர் பெயரைச் சொல்லலாம், மறைக்கவும் செய்யலாம். மற்ற வாசகர் கருத்துச் சொல்ல வேண்டுமானால் பெயரோடுதான் சொல்ல வேண்டும்.

பேரிடர் ஆய்வில் 'துறையொத்தார் யார்' என்ற கேள்விக்கு எளிதில் விடை கிடைக்காது. ஒரு வெள்ளக் கட்டுரையில் நீரோட்டத்தைக் கணக்கிடும் நீரியல் மாதிரி (மாடல்) இருக்கும், வீட்டுக் கணக்கெடுப்பு இருக்கும், அரசாணைகளைப் பற்றிய வாதமும் இருக்கும். நீரியலாளரிடம் மட்டும் அனுப்பினால் மாதிரியைத் துருவிவிட்டு, 40 வீடுகளை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்பதைக் கேட்காமலே விட்டுவிடுவார். ஆகவே இதழாசிரியர் முறைக்கு ஒருவர், இடத்துக்கு ஒருவர் என்று பார்க்க வேண்டும்: பயன்படுத்திய முறையை அறிந்தவர் ஒருவர், அந்த நிலத்தையும் நிர்வாகத்தையும் அறிந்தவர் ஒருவர். புள்ளியியல் கனமாக இருந்தால் மூன்றாமவர் தேவை.

இதற்கு நம் கடலோரத்திலேயே நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் ஆய்வாளர்கள் இருவர் தென்கிழக்குக் கடலோரத்தின் 18 குக்கிராமங்களை ஆய்ந்து, அலையாத்தி முதலிய கடலோரத் தாவரங்கள் உயிரிழப்பைக் குறைத்தன என்று 2005இல் 'எஸ்ட்யூரைன், கோஸ்டல் அண்ட் ஷெல்ஃப் சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். மறுவருடமே அதே இதழில் வேறு மூவர் அதே தரவை எடுத்து மறுபடி கணக்கிட்டார்கள். கடலிலிருந்து உள்ள தூரத்தையும் நிலத்தின் உயரத்தையும் கணக்கில் கொண்டபின், தாவரப் பரப்பு தனியாக விளக்கும் பங்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை என்றார்கள். பிறகு இன்னொரு மறுமொழி, வேறு பகுப்பாய்வு முறையில் பார்த்தால் அலையாத்தியின் காப்பு தெரிகிறது என்றது.

யார் வென்றார் என்பதைவிட எந்தக் கேள்வியை அச்சுக்கு முன் கேட்டிருக்கலாம் என்பதே இங்கே பயனுள்ளது. தரவுப் புள்ளிகள் 18. காரணிகள் மூன்று: தாவரப் பரப்பு, தூரம், உயரம். மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்தவை, ஏனென்றால் காட்டுக்குப் பின்னால் இருக்கும் ஊர் இயல்பாகவே கடலிலிருந்து தள்ளியிருக்கும். காரணிகளைத் தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே உயிர் காத்ததாகத் தெரியும். சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் எது எவ்வளவு என்று பிரியும். காடு வளர்க்க நிதி ஒதுக்குவதா, குடியிருப்பைத் தள்ளி அமைப்பதா என்ற அரசு முடிவு இந்தக் கணக்கில் தொங்குகிறது. பின்னூட்டக் கட்டுரையை அதே இதழ் வெளியிட்டது நல்ல ஆசிரியக் கொள்கைக்கு அடையாளம். அச்சான பிறகும் மதிப்பாய்வு முடிவதில்லை.

நடைமுறைக்கு வருவோம். கட்டுரை வந்ததும் முதலில் அலுவலகச் சோதனை: இதழின் எல்லைக்குள் வருகிறதா, ஒப்புமை அறிக்கை (கட்டுரையின் எந்த வரிகள் பிற எழுத்துகளோடு ஒத்துப்போகின்றன என்று மென்பொருள் நிறமிட்டுக் காட்டுவது) எப்படி இருக்கிறது, நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் எண் உள்ளதா, தரவு எங்கே கிடைக்கும் என்ற குறிப்பு உள்ளதா. ஒப்புமை விழுக்காட்டை மட்டும் பார்த்து நிராகரிக்கும் பழக்கம் நம்மிடையே வலுவாக இருக்கிறது, அது தவறு. மேற்கோள் பட்டியலும் முறை விளக்கமும் சேர்ந்தாலே விழுக்காடு ஏறும். 25 விழுக்காடு முழுவதும் சிதறிக் கிடந்தால் கவலையில்லை, 8 விழுக்காடு முடிவுரையின் ஒரே பத்தியில் இருந்தால் கவலை. அறிக்கையைத் திறந்து எங்கே நிறம் விழுந்திருக்கிறது என்று பார்ப்பதுதான் வேலை.

நெறிமுறை ஒப்புதலில் பேரிடர் ஆய்வுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. நிவாரண முகாமில் பொருள் கொடுக்கும் வரிசையில் நிற்பவரிடம் படிவம் நீட்டினால் மறுக்க அவருக்குத் துணிவு வராது. பெயர் விட்டுப்போகும் என்று பயப்படுவார். அந்தச் சம்மதம் சம்மதமாகாது. எப்போது, எங்கே, யார் கேட்டார் என்பதை மதிப்பாய்வாளர் கேட்க வேண்டும். இறந்தோர் படம், குழந்தைகளின் முகம், 30 வீடு மட்டுமே உள்ள ஊரின் பெயரோடு வீட்டுவாரி அட்டவணை இவையும் அதே வகை.

அடுத்து மதிப்பாய்வாளர் தேடல். குறைந்தது இருவர் தேவை. அதற்கு ஆறேழு பேரை அழைக்க நேர்வது சாதாரணம்; பெருவெள்ளமோ நிலநடுக்கமோ நடந்த வாரத்தில், தகுதியானவர் எல்லாரும் களத்தில் இருப்பார்கள். கட்டுரையாளரே மதிப்பாய்வாளர் பெயர்களைப் பரிந்துரைக்க விடும் இதழ்கள் பல. ஓட்டை அங்கேதான் விழுகிறது. உண்மையான ஆய்வாளரின் பெயரைக் கொடுத்து, தன் கைவசமுள்ள இலவச மின்னஞ்சல் முகவரியை அதன் பக்கத்தில் எழுதிவிட்டுத் தன் கட்டுரைக்குத் தானே அறிக்கை எழுதிக்கொண்டவர்கள் பிடிபட்டிருக்கிறார்கள். 2017இல் 'டியூமர் பயாலஜி' என்ற புற்றுநோய் ஆய்விதழிலிருந்து ஒரே நேரத்தில் 107 கட்டுரைகள் விலக்கப்பட்டது இவ்வகை மோசடியால்தான். நிறுவன முகவரியையோ, ஆய்வாளருக்கான தனி அடையாள எண்ணாகிய ஆர்கிட் எண்ணையோ சரிபார்க்காமல் அழைப்பு அனுப்பக் கூடாது. ஒரே நாளில் வந்து சேரும் புகழ்மாலை அறிக்கையையும் சந்தேகிக்க வேண்டும்.

பெயர் மறைப்பைப் பற்றி. கட்டுரையாளர் பெயர் தெரியும், மதிப்பாய்வாளர் பெயர் தெரியாது என்பது ஒருபக்க மறைப்பு. இருவர் பெயரும் மறைந்தால் இருபக்க மறைப்பு. இதை 'இரட்டைக் குருட்டு மதிப்பாய்வு' என்று மொழிபெயர்ப்பவர்கள் தயவுசெய்து நிறுத்தலாம். மறைப்பது பெயரை, யாருடைய கண்ணையும் அல்ல. மறைப்பு உடைவது பெரும்பாலும் சில்லறைக் காரணங்களால்: கோப்பின் பண்புகளில் பெயர் அப்படியே இருக்கும், வரைபடத்தின் மூலையில் நிறுவன முத்திரை இருக்கும், 'எங்கள் முந்தைய ஆய்வில் காட்டியபடி' என்ற தொடர் காட்டிக்கொடுத்துவிடும். பேரிடர் ஆய்வில் இன்னொன்றும் உண்டு. ஒரு புயலுக்குப் பின் ஒரு குறிப்பிட்ட தீவில் களப்பணி செய்தது ஒரே குழுவாக இருந்தால், ஊர்ப்பெயரே ஆளைச் சொல்லிவிடும். அங்கே முழு மறைப்பை உறுதி கூறாமல் இருப்பதே நேர்மை.

அறிக்கை வந்தபின் ஏற்பு, சிறுதிருத்தம், பெருந்திருத்தம், நிராகரிப்பு என நான்கில் ஒன்று. பெருந்திருத்தம் வந்தவர் ஒவ்வொரு கருத்தையும் எண்ணிட்டு, கீழே தன் பதிலையும் மாற்றிய வரி எண்ணையும் எழுத வேண்டும். ஒப்புக்கொள்ளாத கருத்துக்கும் காரணத்தோடு பதில் வேண்டும். விட்டுவிட்டால் மதிப்பாய்வாளர் முதலில் தேடுவது அதைத்தான். தன்னுடைய கட்டுரைகள் ஐந்தை மேற்கோள் காட்டச் சொல்லும் மதிப்பாய்வாளருக்குப் பணிய வேண்டியதில்லை. இதழாசிரியருக்குத் தனியாக எழுதலாம். மதிப்பாய்வாளர் தரப்பில் இப்போது புதிதாக வந்திருக்கும் தவறு, வெளிவராத கட்டுரையைச் செயற்கை நுண்ணறிவுக் கருவியில் ஏற்றி அறிக்கை எழுதவைப்பது. ரகசியக் காப்பு அந்த நொடியே உடைந்துவிடுகிறது.

இதழாசிரியரே தன் இதழுக்கு எழுதினால், அந்தக் கோப்பு அவர் கண்ணில் படாதபடி வேறொருவர் கையாள வேண்டும். நிதி தந்த துறையின் திட்டத்தை மதிப்பிடும் கட்டுரை என்றால் நலன் முரண் அறிவிப்பு, அதாவது முடிவால் தனக்கு ஆதாயம் உண்டா என்பதைச் சொல்லிவிடுவது, கட்டாயம்.

கொள்கைக் குறிப்பைத் தமிழாக்குவோர் இடறும் மற்ற சொற்களையும் சொல்லிவிடலாம். 'எடிட்டோரியல் பாலிசி'யைத் தலையங்கக் கொள்கை என்று எழுதியிருப்பதைப் பார்க்கலாம். தலையங்கம் நாளிதழுக்கு உரியது, இங்கே வேண்டியது ஆசிரியக் கொள்கை. ஆனால் தமிழில் எழுதியவரும் ஆசிரியர், இதழ் நடத்துபவரும் ஆசிரியர், பள்ளியில் பாடம் நடத்துபவரும் ஆசிரியர். 'ஆசிரியர் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்' என்ற வரி யாரைச் சொல்கிறது? கட்டுரையாளர், இதழாசிரியர் என்று பிரித்தே எழுத வேண்டும். அச்சாகும் முன் கட்டுரையாளரே எடுத்துக்கொள்வது திரும்பப் பெறுதல். அச்சானபின் பிழைக்காகவோ மோசடிக்காகவோ இதழ் ரத்து செய்வது விலக்கம். விலக்கிய கட்டுரையை இணையத்திலிருந்து அழிக்கக் கூடாது. காரணத்தோடு 'விலக்கப்பட்டது' என்ற குறி தெரியும்படி அதே இடத்தில் கிடக்க வேண்டும்.

பேரிடர் என்ற சொல்லிலும் கவனம் தேவை. புயலும் நிலநடுக்கமும் இயற்கை. அவை பேரிடராவது, தாங்க முடியாத இடத்தில் தாங்க முடியாத வீட்டில் மனிதர் இருப்பதால். ஆகவே 'இயற்கைப் பேரிடர்' என்று எழுதினால் இத்துறையின் மதிப்பாய்வாளர் பலர் அடிக்கோடிட்டுத் திருப்பி அனுப்புவார்கள். தமிழ்நாட்டில் பேரிடர் மேலாண்மை என்பதை இலங்கையில் அனர்த்த முகாமைத்துவம் என்பார்கள். இரு நாட்டிலும் இதற்கான சட்டம் 2005இல் வந்தது, சொல்தான் வேறு. தமிழ்ச் சுருக்கம் கேட்கும் இதழ், திறவுச்சொல் பட்டியலில் இரண்டையும் சேர்க்கச் சொல்ல வேண்டும். இல்லையேல் மட்டக்களப்பு வெள்ளத்தைப் பற்றிய கட்டுரை கடலூரில் தேடுபவருக்குக் கிடைக்காது.